ஒரே இழுப்பு, இரண்டு வேலை

திண்டிவனத்தில் நானும் என் கணவரும் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். படம் எடுப்பது அவர், கம்ப்யூட்டர் வேலை என்னுடையது.

கேமரா கார்டிலிருந்து மவுசால் இழுத்துப் போட்டால் படம் நகலாகும், கார்டிலும் அப்படியே இருக்கும். அந்தப் பழக்கத்தில் ஒரு காதுகுத்துப் படங்களைத் திருத்துவதற்காக, அதே கம்ப்யூட்டரில் வேறொரு ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டேன். கலர் சரியாக வரவில்லை. ஒரிஜினல்தான் இருக்கிறதே என்று அந்த ஃபோல்டரை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன்.

பழைய ஃபோல்டரைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. ஒரே டிஸ்க்குக்குள் இழுத்தால் நகலாகாதாம், படமே இடம் மாறிவிடுமாம். கை செய்வது ஒரே வேலை, கம்ப்யூட்டர் செய்வது மட்டும் வேறு. யார் இப்படி வைத்தார்களோ! கார்டிலும் அதற்குள் பழையதை அழித்துவிட்டு ஒரு கல்யாணத்தை எடுத்திருந்தார் கணவர்.

எப்படிச் சொல்வதென்று தவித்துக்கொண்டிருந்தபோது அந்தக் காதுகுத்துக் குழந்தையின் அம்மா வந்தார். அன்று குழந்தையை மடியில் வைத்திருந்த தாய்மாமன், அவருடைய தம்பி, பைக் விபத்தில் இறந்துவிட்டாராம்.

"ஆல்பம்கூட வேணாங்கக்கா. தம்பி மடியில புள்ள உக்காந்துக்கினு இருக்கிற ஒரு போட்டோ குடுங்க, போதும். எங்க போன்ல எதுவும் சரியா விழல."

அழிந்த படங்களை மீட்டுத் தரும் ரெக்கவரி கடைக்காரரும் கைவிரித்துவிட்டார். கணவரின் செல்போனில் குழந்தையின் காது மட்டும் தெரியும் படம் ஒன்று இருந்தது. ஓரத்தில் அந்தத் தாய்மாமனின் விரல்கள். அதைத்தான் பிரேம் போட்டுக் கொடுத்தோம்.

இப்போதெல்லாம் நான் எதையும் இழுப்பதில்லை. எந்தக் காதுகுத்தானாலும் முடிந்த அன்றே, மாமன் மடிப் படத்தை வீட்டாருக்கு அனுப்பிவிட்டுத்தான் மவுசைத் தொடுகிறேன்.