கல்யாண மண்டபத்தில் கொடுத்த பெயர்

கர்த்தருக்குள் அருமையானவர்களே, நான் எஸ்தர். திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமம். என் மேல் போலீஸ் கேஸ் இருந்தது என்றால் நம் சபையிலேயே சிரிப்பார்கள். அந்தக் கேஸ் என்னை மூச்சுவிட முடியாமல் செய்தது.

நர்சிங் படிக்கும்போது, எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வராததால் காலிக் குடங்களோடு சாலை மறியல் செய்தோம். போலீசார் எங்களை ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்தார்கள். மதியம் ஒருவர் பெயர் எழுத வந்தார். சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு என்று நினைத்து, எங்கே விட்டுப்போகுமோ என்று அப்பா பெயர், கதவு எண் வரை முந்திக்கொண்டு சொன்னேன். எலுமிச்சை சாதம் வந்தது. பின்னாலேயே கேஸும் வந்தது. கோர்ட்டில் எல்லோரும் விடுதலையானோம். அதோடு தொலைந்தது என்று இருந்துவிட்டேன்.

போன வருடம் அரசு மருத்துவமனை வேலைக்குத் தேர்வானேன். போலீஸ் விசாரணையில் பழைய கேஸ் எழுந்து நின்றது. வேலைக்கான ஆணை வரவில்லை. விழுப்புரத்தில் மாவட்ட அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன்.

"கேஸ் இருந்துச்சா இல்லியா, அத்த மட்டும் சொல்லுமா" என்றார் அலுவலகத்தில் ஒருவர்.

"விடுதலை ஆயிட்டேன் சார்."

"ஆனா இன்னா? பேரு இருக்குதே."

வக்கீல் அக்காவும் கையை விரித்தார். "பேர அழிக்கிறதுக்குன்னு சட்டமே ஒழுங்கா இல்லம்மா. மொதல்ல அது மாறணும். இப்போதிக்கு ஐகோர்ட்டுக்குப் போவலாம். தண்ணி கேட்டு உக்காந்தது மட்டும்தான்னு கூட இருந்தவங்க சாட்சி எழுதித் தருவாங்களா?"

அவர்கள் மேலும் அதே கேஸ். மறுபடி யார் மாட்டிக்கொள்வார்கள்? பஸ்சில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். ஜெபிக்கவும் வாய் வரவில்லை. ஆண்டவர் மேலேயே கோபம்.

அம்மா விடவில்லை. அன்று மறியலுக்கு வந்த பெண்களை வீட்டுக்கு அழைத்து ஜெபம் வைத்தார். பக்கத்து வீட்டு மாரியம்மா அக்கா சபைக்கு வராதவர். அவர்தான் முதலில் வாய் திறந்தார். "ஏசுவே, இந்தப் புள்ளைய குடம் தூக்கினு வாடின்னு இட்டுக்கினு போனதே நாங்கதான். புள்ளைய விட்டுடு சாமி."

நான் உடைந்துபோனேன். மறுநாள் அத்தனை பெண்களும் வந்து சாட்சி எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கேஸைக் காட்டி வேலையை மறுக்கக் கூடாது என்று ஐகோர்ட் உத்தரவு வந்தது. இன்று பிரசவ வார்டில் இருக்கிறேன். ஆண்டவருக்கே ஸ்தோத்திரம்.

ஆனால் எங்கள் பெயர்கள் இன்னும் போலீஸ் கணினியில்தான் இருக்கின்றன. மாரியம்மா அக்கா மகள் இப்போது வேலை தேடுகிறாள். அன்று அவளும் குடத்தோடு வந்தவள்; அவள் பெயரும் அதில் உண்டு. செய்த பாவத்தையே துடைத்துப்போடுகிற தேவன் நமக்கு இருக்கிறார். தண்ணீர் கேட்டவள் பெயரைத் துடைக்க ஒரு சட்டம் வேண்டாமா? அது வரவேண்டும் என்று ஜெபிக்கிறோம், மனுவும் கொடுக்கிறோம்.

இங்கே யாராவது இப்படி மாட்டிக்கொண்டு வெட்கத்தில் மறைத்து வைத்திருந்தால், ஆராதனை முடிந்ததும் என்னிடம் வாருங்கள். எனக்குச் செவிகொடுத்தவர் உங்களையும் கைவிடமாட்டார். சேர்ந்து ஜெபிப்போம். கையெழுத்துப் போட நானும் வருகிறேன்.