ஹீட்டர் பெட்டிக்குள் மூன்று வெல்டிங்

யோசனை வந்தபோது நான் ஒரு பீட்டில் காரின் அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். துருப்பிடித்து ஓரம் பிரிந்த ஹீட்டர் பெட்டி முகத்துக்கு நேரே தொங்கியது. பிரிந்த இடத்தில் டோர்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே போகும் எக்ஸோஸ்ட் குழாய் நான் நினைத்ததைவிட மெலிது. அதைச் சுற்றி அலுமினியச் செதில்கள். செதில்களைக் கழற்றினால் பெரிய குழாயே போடலாம்; புகை சுலபமாக வெளியேறி எஞ்சினுக்குப் பவர் கூடும். வெளியே பெட்டி அப்படியே இருக்கும்.

கண்டிக்குப் பக்கத்தில் அக்குறணையில், முதலாளி ரியாஸ் நானாவின் கராஜில் அப்போது எனக்கு இரண்டாவது வருடம். கராஜுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அதனால் முதலில் அடிப்படை. இந்தப் பழைய கார்களுக்குத் தண்ணீர் இல்லை. ஃபேன் அடிக்கிற காற்றுதான் எஞ்சினை ஆற்றுகிறது. அந்தக் காற்றில் கொஞ்சம் இரண்டு ஹோஸ் வழியாக ஹீட்டர் பெட்டிகளுக்குள் போய், எக்ஸோஸ்ட் குழாயைச் சுற்றிச் சூடாகி, காருக்குள் வரும். அதாவது டிரைவர் சுவாசிக்கும் காற்றுக்கும் எஞ்சினின் விஷப் புகைக்கும் நடுவே இருப்பது ஒரு குழாயின் சுவர் மட்டுமே.

சட்டம் என்ன சொன்னது

என் யோசனை எங்கள் வாடிக்கையாளர் பெனடிக்ட் அண்ணனின் காருக்கு. அவர் மலைமேல் ஹுன்னஸ்கிரியவில் ஒரு தேயிலைத் தோட்ட ஆபீசில் கிளார்க். ஞாயிறுகளில் ஓட்டோகிரோஸ்: மைதானத்தில் கூம்புகளை வைத்து, ஒவ்வொரு காராக ஓடவிட்டு நேரம் எடுக்கும் ரேஸ். அவருடைய பீட்டில் பழைய கார் பிரிவில் இரண்டு முறை கடைசியாக வந்திருந்தது.

"மூணாவது தடவையும் கடைசின்னா ஆபீஸ் பக்கம் தல காட்ட முடியாது தம்பி," என்றார். "பியூனே கேக்குறான், அண்ணே நீங்க தள்ளிக்கிட்டா வந்தீங்கன்னு."

அந்தப் பிரிவின் சட்டம் இரண்டு வரி. எஞ்சினிலிருந்து ஹீட்டர் பெட்டி வரைக்கும் ஒரிஜினலாக இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் சைலன்சரை எப்படியும் மாற்றலாம், சத்தம் அளவுக்குள் இருந்தால் சரி. நான் சட்டப் புத்தகத்தை மூன்று முறை படித்தேன். பெட்டிக்கு உள்ளே என்ன இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை.

ரியாஸ் நானாவும் வாசித்தார். "பொட்டி ஒரிஜினல் தானே ஈக்கிது. அப்ப என்ன?"

"ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் மூணு எடத்துல வெல்டிங் வரும் நானா. பெட்டிய மூடின பொறகு லீக் இருக்கான்னு பாக்க முடியாது."

"ஹோஸ் ரெண்டையும் தகரம் வச்சி அடைச்சி விடு. எஞ்சினுக்கும் காத்து கூட கெடைக்கும். இந்த நாட்டுல யாரு, மகன், ஹீட்டர் போடுற?"

எங்கள் கராஜில் எல்லாருக்கும் இதுதான் பழக்கம். ஹீட்டர் கேபிள் அறுந்திருந்தால் மாட்டுவதில்லை, லீவர் இறுகியிருந்தால் எண்ணெய் விடுவதில்லை. நானும் தலையாட்டினேன். பெரிய குழாய்களை வெல்டிங் செய்து பெட்டிகளை மூடினேன், இரண்டு தகர வட்டம் வெட்டி ஹோஸ்களை அடைத்தேன். ஹுன்னஸ்கிரியவில் காலை ஆறு மணிக்குக் காரெடுக்கும் ஒருவர் பனியில் கண்ணாடியை எப்படித் துடைப்பார் என்று அவரிடம் கேட்கவே இல்லை.

பத்து நிமிடம்

ரேஸ் நாளன்று மழைத்தூறல். ஸ்குருட்டினியரிங், அதாவது ஓடுவதற்கு முந்திய சோதனை, தார்ப்பாய்க்குக் கீழே நடந்தது. சோதிப்பவர் நாங்கள் மரியாதையாக மஹத்தயா என்று கூப்பிடும் ஒரு சிங்களவர், ஓய்வுபெற்ற எஞ்சினியர், எங்களோடு தமிழ்தான் பேசுவார். அடியில் குனிந்து பெட்டிகளைத் தட்டிப் பார்த்தார். "ஹரி," சரி என்றார். பிறகு எஞ்சின் மூடியைத் திறந்து ஹோஸைத் தொட்டார்.

"இது ஏன் அடைச்சிருக்கு? பெட்டி ஒரிஜினல்னா ஹீட்டரும் வேல செய்யணும். பத்து நிமிசம் தாறேன். கழட்டுங்க."

அந்தப் பத்து நிமிடத்தில் நான் குழாயை மாற்றியதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பெட்டியைப் பிரித்துப் பார்ப்பார், கார் வெளியே போகும். நான் தகரத்தைக் கழற்றினேன். டிரைவர் ஜன்னலில் குனிந்து, "அண்ணே, ஹேண்ட்பிரேக் பக்கத்துல இருக்கே, அந்த ஹீட்டர் லீவர மட்டும் தொடாதீங்க," என்றேன்.

"ஏன் தம்பி?"

"எஞ்சின் பவர் கொறையும்."

பொய்தான். அவர் சரி என்று ஜன்னலை ஏற்றினார். வரிசையில் அவருக்கு முன்னால் பன்னிரண்டு கார்கள்.

தெளிந்த கண்ணாடி

மழை வலுத்தது. வரிசையில் நின்ற கார்களின் கண்ணாடியெல்லாம் உள்ளே ஆவி படிந்து வெளுத்திருந்தன. டிரைவர்கள் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். தார்ப்பாய்க்குக் கீழே எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்தார். "அந்த பீட்டில பாருங்க, கண்ணாடி பளிங்கு மாதிரி. பழசுன்னா பழசுதான்."

நானும் பார்த்தேன். கண்ணாடியின் கீழ்ப்பக்கம் இரண்டு அரைவட்டமாகத் தெளிந்து மேலே பரவியிருந்தது. துணியால் துடைத்தால் அப்படித் தெளியாது; ஹீட்டர் காற்று அடித்தால்தான் தெளியும். தினமும் பனியில் அந்த லீவரைத் தூக்கிப் பழகிய கை, தானாகவே தூக்கியிருக்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல்கள் மூடியிருந்தன. எவ்வளவு நேரமாக என்று எனக்குத் தெரியவில்லை.

நான் ஓடப்போனேன். ரியாஸ் நானா என் கையைப் பிடித்தார். "எங்க போற?"

"ஹீட்டர் தொறந்து ஈக்கிது நானா." அவர் பேச்சே என் வாயில் வந்தது.

அவர் காரைப் பார்த்தார். பிடித்த கையை விட்டு, எனக்கு முன்னால் அவரே ஓடத் தொடங்கினார்.

பீட்டில் ஸ்டார்ட் கோட்டுக்கு வந்துவிட்டது. கொடிக்காரர் கையை உயர்த்தினார். நான் காருக்கு முன்னால் போய் நின்றேன். கொடிக்காரர் சிங்களத்தில் திட்டியது கேட்டது. கார் நகரவில்லை. கண்ணாடி வழியே பெனடிக்ட் அண்ணன் என்னைப் பார்த்தார். என்னை அடையாளம் கண்டுகொள்ள அவருக்கு நேரம் எடுத்தது. அதுதான் இன்றும் கனவில் வருகிறது.

ரியாஸ் நானா கதவைத் திறந்து சாவியைத் திருப்பினார்.

"தல வலிக்குது தம்பி," என்றார் பெனடிக்ட் அண்ணன். "காலைல சாப்பிடல. அதான்." காலை வெளியே வைத்தார். எழும்ப முடியாமல் ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்தார், வாந்தியெடுத்தார். அம்புலன்ஸ்காரர் ஒட்சிசன் மாஸ்க்கை மாட்டினார்.

மஹத்தயா என்னிடம் வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: குழாய், மூன்று வெல்டிங், தகரம், பொய். அவர் சத்தம் போடவில்லை.

"பெட்டிக்குள்ள பாக்க எனக்கு ஏலாது. அதனாலதான் ஒரிஜினல் வேணும்னு எழுதியிருக்கோம். நீ அத ஓட்டைன்னு நெனச்ச."

காரைப் போட்டியிலிருந்து விலக்கினார். எங்கள் கராஜிலிருந்து ஒரு வருடத்துக்கு எந்தக் காரும் வரக்கூடாது என்றார். ரியாஸ் நானா, "சரி சேர்," என்று மட்டும் சொன்னார்.

மாலையில் கண்டி ஆஸ்பத்திரி வார்டில் போய்ப் பார்த்தேன். பெனடிக்ட் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். நான் கதிரையில் உட்காரவில்லை.

"பவர் கொறையும்னு சொன்னியே," என்றார். "ஆளு செத்துருவான்னு சொல்லியிருந்தா தொட்டிருக்க மாட்டேனே." இன்னொரு பிஸ்கட்டை எடுத்து, "ஆனா கண்ணாடிய நல்லா தொடச்சிச்சு தம்பி," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி

நான் கற்றது இது. சட்டம் ஒரு இடத்தைத் தொடாதே என்றால், அங்கே யாருடைய உடம்பு இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். காரை ஓட்டுகிறவர் அதை எங்கே, எந்தக் காலநிலையில் ஓட்டுகிறார் என்பதும் ஒரு அளவுதான். மீற்றர் போட்டு எடுக்கும் அளவைப் போலவே.

அந்த ஒரு வருடம் முடிகிறது. இரண்டு நல்ல ஒரிஜினல் பெட்டிகள் கிடைத்திருக்கின்றன. தண்ணீருக்குள் அமிழ்த்தி, காற்றடைத்து, குமிழ் வருகிறதா என்று பார்த்துவிட்டேன். வரவில்லை. பெட்டிக்குப் பின்னால், சட்டம் எனக்கு விட்ட இடத்தில், குழாயின் நீளத்தை மாற்றி ஒரு புதிய சைலன்சர் செய்திருக்கிறேன். வரைபடத்தை மஹத்தயாவுக்கு அனுப்பிக் கையெழுத்தும் வாங்கியாயிற்று.

பெனடிக்ட் அண்ணன் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். வருகிற ஞாயிறு ஹுன்னஸ்கிரிய ஏற்றத்தில் காரை ஓட்டிப் பார்க்கப்போகிறோம், பனி இறங்குகிற நேரத்தில், ஜன்னல்களை மூடி, லீவரை முழுதாகத் தூக்கி. காபன் மொனொக்சைட்டு மீற்றர் என் மடியில் இருக்கும். ஓட்டுவது நான். அவர் பின்னால் ரியாஸ் நானாவின் வேனில் வருவார்.