தொண்டிக் கடலில் ஒரு பென்சில் சூரியன்

மார்கழி அந்தியின் மங்கலான வெளிச்சத்தில் தொண்டிக் கடற்கரையில் நான் எடுத்த படத்தை வாங்க இன்று மதுரை ஸ்டூடியோவுக்குப் போனேன்.

கடலுக்கு மேலே ஒரு சூரியன்! ஸ்டூடியோக்கார அண்ணன் நெகட்டிவில் பென்சிலால் வரைந்திருக்கிறார்.

"இம்புட்டு இருட்டா இருந்தா யாரு தம்பி பாப்பாங்க? அதான் ஒரு அஸ்தமனம் வச்சேன்."

"அண்ணே, அது கிழக்குக் கடல். சூரியன் என் முதுகுக்குப் பின்னாலதான் மறைஞ்சுச்சு!"

"நம்ம ஊர்ல எவனுக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்ணே. அழிங்க."

நெகட்டிவில் அழித்து, புதிதாக ஒரு பிரதி போட்டுத் தந்தார். ஆனால், "இதுல எங்க ஸ்டூடியோ முத்திரை விழாது" என்றார்.

"வேணாம்ணே" என்று படத்தின் பின்னால் என் பெயரை எழுதிக்கொண்டேன்.

படம் இருட்டுத்தான். கடலும் அப்படித்தான் இருந்தது. பார்க்க வருகிறவர்கள் விளக்கோடு வாருங்கள், பென்சிலோடு வராதீர்கள்.