கோடு போட்ட டயர்

அந்தக் கார் இளநீல நிறம். முன்பக்கம் நீண்டு, பின்பக்கம் சிறுத்து, தரையோடு ஒட்டினாற்போல் நிற்கும். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் ஒரு மூடியைத் தூக்கினால் ஒடுங்கி உட்கார இன்னோர் இடம் இருக்கும், அது எனக்கு. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. சொந்த நாட்டுக்குக் கப்பலேறப்போன ஒரு துரையிடமிருந்து என் அண்ணன் அதை வாங்கி செலியமேட்டுக்குள் ஓட்டிவந்தபோது, கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தியும் கையுமாக வரப்பில் ஏறி நின்று பார்த்தார்கள். துரை அதைப் பந்தயத்தில் ஓட்டியவனாம். எங்கள் பெரியப்பா சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுல ரெண்டு மூட்ட நெல்லு ஏத்த முடியுமாடா?" என்று கேட்டார். "ஒரு மூட்ட கூட ஏறாது பெரியப்பா" என்றார் அண்ணன். "அப்ப இன்னாத்துக்குடா இது?" என்று பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். பெரியப்பாவுக்கு அதன் பதில் தெரியாமல் இல்லை.

அண்ணியின் முதல் பிரசவத்தில் மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மாட்டு வண்டியைத்தான் பூட்டினோம். வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் மெத்தையைப் போட்டு, அண்ணியைப் படுக்கவைத்தோம். எவ்வளவு பரப்பினாலும் மாட்டு வண்டி மாட்டு வண்டிதானே. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அண்ணி பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. அரியாங்குப்பம் பாலத்துக்கு இந்தப் பக்கமே பிள்ளை போய்விட்டது. ஆண் பிள்ளை. திரும்பி வரும்போது அண்ணன் வண்டியில் ஏறவே இல்லை. சக்கரத்தைப் பிடித்தபடி கூடவே நடந்து வந்தார். வீட்டுக்கு வந்த பிறகு அண்ணியின் காலடியில் உட்கார்ந்து, "இனிமே உன்ன அந்த வண்டியில ஏத்த மாட்டன்" என்றார். ஊர் நினைத்ததுபோல் பவிசுக்காக வாங்கிய கார் அல்ல அது. கொடுத்த வாக்குக்காக வாங்கிய கார்.

அண்ணி மறுபடி உண்டானபோது காரின் டயர்கள் தேய்ந்து உள்ளே இருக்கும் நூல் தெரிய ஆரம்பித்திருந்தது. துரை பந்தயம் விட்ட லட்சணம்! அண்ணனுக்கு வேறு வேலையே ஓடவில்லை. கப்பலில் வந்த பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றில் டயர் படங்களாகப் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பாட்டு இலைக்கு முன்னாலும் அதுதான். டயரின் பக்கவாட்டில் பொறித்த அளவு இந்தக் காரின் கம்பிச் சக்கரத்துக்குச் சரியாக இருக்க வேண்டும், வேகத்தின் சூட்டைத் தாங்க வேண்டும், காற்று எவ்வளவு பிடிக்கும் என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் அண்ணியிடம் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பார். அண்ணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பொண்ணு பாக்கப் போனப்ப கூட என்ன நீங்க இவ்ளோ பாக்கலியே" என்பாள். எனக்குச் சிரிப்பு தாங்காது.

வில்லியனூரில் ராவுத்தர் ஒருவர் சைக்கிளும் மோட்டார் சாமான்களும் விற்றுவந்தார். வேண்டியதைச் சொல்லிவைத்தால் கப்பலில் வரவழைத்துக் கொடுப்பார். சரக்கு வந்துவிட்டது என்று ஆள் சொல்லி அனுப்பியதும் நாங்கள் மூன்று பேரும் கிளம்பினோம். வயிற்றுப்பிள்ளைக்காரி டயர் கடைக்குப் போவதா என்று பெரியம்மா முறைத்தாள். அதில் உட்கார்ந்து போகப்போகிறவள் அவள்தானே என்று நான் எதிர்வாய் பேசினேன். எனக்கு அந்த வயதிலேயே வாய் நீளம்.

ராவுத்தர் இரண்டு விதமான டயர்களை எடுத்துப் போட்டார். ஒன்றில் கட்டை கட்டையாகப் பட்டன் எழும்பியிருந்தது. மற்றது ஒல்லி; நீளவாக்கில் மெல்லிய கோடுகள் மட்டும் ஓடின. "தம்பி, பட்டன் டயரு சேத்துல கவ்விப் புடிக்கும். ஆனா வேகம் போனா உதறும், இரைச்சல் போடும். கோடு டயரு பந்தயக்காரங்க போடறது. காஞ்ச தரையில வெண்ணெ மாதிரி போவும். ஈரத்துல நம்பக்கூடாது" என்றார். இரண்டுக்கும் உள்ள நல்லது கெட்டதை மறைக்காமல் சொன்ன மனிதர் அவர். அண்ணன் பட்டன் டயர் பக்கம் சாய்ந்தார். நம்ம ஊர் பாதை எப்படியும் மண்பாதைதானே என்றார். கையில் ஒன்றைத் தூக்கியும் விட்டார்.

அப்போது அண்ணிதான் குறுக்கிட்டாள். கடை வாசலில் பட்டன் டயர் போட்ட கார் ஒன்று நின்றது. "அதுல ஒரு தரம் ஏறிப் பாக்கலாமா?" என்று ராவுத்தரையே கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டு, யாருடைய வண்டியோ அவரிடம் சொல்லி, அண்ணியையும் என்னையும் ஏற்றிக் கோயில் தேர் வீதி ஒரு சுற்று சுற்றிவரச் செய்தார். வண்டி வேகம் எடுத்ததும் இருக்கையே கிடுகிடுவென்று நடுங்கிற்று. அண்ணி வயிற்றில் வைத்த கையை எடுக்கவே இல்லை. இறங்கியதும் முகம் வெளுத்துப்போய், "இது வேணாங்க. வயிறு குலுங்குது. அந்த மாட்டு வண்டி ஞாபகம் வருது" என்றாள். அண்ணன், மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். "கொழந்த பொறக்கப்போறது வைகாசியில. வைகாசியில எந்த ஊர்ல மழ? வேகமா போறது எதுவோ, குலுக்காம போறது எதுவோ அத வாங்குங்க." ராவுத்தரும் யோசித்துவிட்டு, கோடைக்கு அது போதும், மழைக்காலத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்றார். கோடு டயரைப் போட்டுக்கொண்டு திரும்பும்போது கார் மிதந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அண்ணி திரும்பித் திரும்பி என்னைப் பார்த்து, "குலுங்குதாடி? குலுங்குதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்தக் கோடையில் பாகூர் ஏரி வற்றியிருந்தது. ஏரி வற்றினால் எங்கள் பக்கத்துச் சம்சாரிகள் சும்மா இருக்க மாட்டார்கள். அடியில் படிந்த வண்டலை வெட்டி, வண்டி வண்டியாக வயலுக்கு அடிப்பார்கள். அதைவிட நல்ல எரு கிடையாது. அந்த வருஷம் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸுக்கு நடந்து, ஊருக்கே அனுமதி வாங்கிக் கொடுத்ததும் அண்ணன்தான். பெரிய ரோட்டுக்கு நாங்கள் போகும் ஏரிக்கரைப் பாதையில் வண்டிகள் சாரி சாரியாகப் போயின. சிந்திய வண்டல் சக்கரங்களில் அரைபட்டு, முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி பாதை நெடுக மெத்தென்று படிந்தது. அதன்மேல் கார் சத்தமே இல்லாமல் போகும். பாதையே நமக்காகப் பஞ்சு விரித்திருக்கிறது என்று அண்ணன் பெருமைப்பட்டார். வருஷா வருஷம் நடக்கிற காரியம். யாருக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை. மாட்டு வண்டிக்கு அது எப்போதும் தொந்தரவு கொடுத்ததில்லை.

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடித்துப் புதுச்சேரியிலேயே ஒரு வீடு பிடித்துத் தங்கிவிடுவது என்று ஏற்பாடு. அண்ணிக்குத் தாய் இல்லை. பண்ருட்டிப் பக்கம் தகப்பனார் மட்டும்தான். வளைகாப்புக்கு வளையல்காரருக்குச் சொல்லியாகிவிட்டது. அதற்குள், சித்திரை முடிவதற்கு முன்னாலேயே, ஒரு பிற்பகலில் அண்ணிக்கு வலி கண்டது. அன்றைக்கென்று வானம் இருட்டிக்கொண்டு வந்து கோடை மழை கொட்டித் தீர்த்திருந்தது. மழை விட்டதும் அண்ணன் காரைக் கிளப்பினார். அபிஷேகப்பாக்கம் தாண்டிப் பெரிய ரோட்டைப் பிடித்துவிட்டால் போதும், அப்புறம் புதுச்சேரி வரை சரளை ரோடு. நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

ஏரிக்கரை ஏறிய கொஞ்ச தூரத்தில் கார் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. நனைந்த வண்டல் விளக்கெண்ணெயாக வழுக்கிற்று. அண்ணன் ஒரு பக்கம் திருப்பினால் அது ஒரு பக்கம் போயிற்று. பின்பக்கம் அப்படியே சரிந்து கரையோரப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. அந்த மெல்லிய கோடுகளெல்லாம் சேறு அடைத்து மழமழவென்று ஆகிவிட்டன. வயலில் இருந்த ஆட்கள் ஓடிவந்து கரும்புச் சோகை இலைகளை அள்ளிப் போட்டார்கள். தள்ளினார்கள். ஏறியது, மறுபடி சறுக்கியது. அண்ணனின் வேட்டி சட்டை முகம் எல்லாம் சேறு. எவ்வளவு நேரம் அப்படிப் போராடினோம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் பெரியப்பா மாட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார்.

வண்டியைப் பார்த்ததும் அண்ணி காரின் கதவை இறுகப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்க. அதுல வேணாங்க. நீங்க சொன்னீங்களே" என்று கெஞ்சினாள். அந்தக் கைகளை ஒவ்வொரு விரலாக விலக்கியவர் அண்ணன். அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இந்த வயதிலும் அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

வண்டியில் அண்ணியின் தலை என் மடியில் இருந்தது. அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். பெரிய ரோட்டை எட்டும் நேரத்தில் அவள் கண்ணைத் திறந்து, "நான்தான அத எடுக்கச் சொன்னன்... பட்டன் டயரத்தான நீங்க கையில எடுத்தீங்க" என்றாள். அண்ணன் அவள் வாயைப் பொத்தினார். "இல்ல. நீ ஒண்ணும் சொல்லல. நான்தான் எடுத்தேன்" என்றார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அதற்கு மேல் அவள் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் குழந்தையைக் காப்பாற்றிவிட்டார்கள். பெண் குழந்தை. ரத்தப்போக்கு நிற்காமல் அண்ணி போய்விட்டாள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று கன்னியாஸ்திரி ஒருத்தி சொன்னதை அண்ணன் நின்று கேட்டார்.

ஊர் பேசாமல் இருக்குமா? ராவுத்தர் கடையில் சேற்றுக்கு ஏற்ற டயர் இருந்தும், பந்தயப் பித்துப் பிடித்து வழுக்குகிற டயரை வாங்கிவந்து பெண்டாட்டியைக் கொன்றான் என்றார்கள். அண்ணியின் தகப்பனார் காரியத்தன்று வந்து எல்லோர் முன்னிலையிலும் மண்ணை வாரித் தூற்றினார். "உன் வேகத்துக்கு எம் பொண்ணா கெடச்சா?" என்று கேட்டார். அண்ணன் தலை குனிந்து, "ஆமா மாமா, நான்தான்" என்றார். துக்கம் கேட்க வந்த ராவுத்தர் வாயைத் திறக்கப்போனபோது, அண்ணன் அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் பொறுக்க முடியாமல் சண்டை போட்டேன். "உண்மைய சொல்லேண்ணா. அண்ணி மேல பழி போடறதா ஆவாது. யாரும் தப்பு பண்ணல, அதயாவது சொல்லு" என்றேன். அவர் சொன்னது இதுதான்: "அவ சாவறப்ப, தான்தான் காரணம்னு நெனச்சுனு செத்தா. அது அவளோடவே போவட்டும். கொழந்தைக்கு அம்மா இல்ல. அவங்க அம்மாவப் பத்தி ஊர்ல ஒரு சொல்லு வரக்கூடாது. நீ பேசினா எம் மூஞ்சியில முழிக்காத." அப்படிக் கடுமையாக அவர் என்னிடம் பேசியது அந்த ஒருமுறைதான்.

காரை யாருக்கோ கொடுத்துவிட்டார். அதன்பிறகு பாகூருக்கோ புதுச்சேரிக்கோ எங்கே போனாலும் நடந்துதான் போனார். குழந்தை என்னிடம் வளர்ந்தது. எனக்குக் கல்யாணமாகிப் பாகூருக்கு வந்தபோது கூடவே வந்தது. அண்ணன் நாள் தவறாமல் அவளைப் பார்க்க வருவார். அவளும் அவர் வரும் பாதையையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஊர்ப்பேச்சு அவள் காதில் விழாதவரைதான் அதெல்லாம். தாவணி போட்ட வயதில் ஒருநாள் அவரை முற்றத்தில் நிறுத்தி, "வேற டயரு இருந்துச்சாமே. ஏன் அத வாங்கல?" என்று கேட்டாள். நான் உள்ளே அடுப்படியில் இருந்தேன். அண்ணனின் குரல் கேட்டது. "எனக்கு வேகந்தாம்மா புடிச்சிருந்துது."

அன்றோடு அவள் அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். அவர் வந்தால் பின்கட்டுக்குப் போய்விடுவாள். கல்யாணத்தில் தாரை வார்க்கும்போதுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தால் 'அவரு' என்பாள். அண்ணன் அப்படியே போய்ச் சேர்ந்தார். எடுத்த அன்றைக்கு அவள் வந்தாள். வாசலோடு நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள்.

ராவுத்தர் இல்லை, பெரியப்பா இல்லை. தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம். இதை என்னோடு கொண்டுபோக எனக்கு மனசு வரவில்லை. அண்ணன் சொல்லை மீறுவது என்று முடிவு செய்தேன். போன மாதம் அவள் என்னைப் பார்க்க வந்திருந்தாள். இப்போது அவளுக்கே தலை நரைத்து, பேரன் பேத்தி எடுத்தாயிற்று. எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு. "அம்மா டயரு வாங்கின அன்னிக்கு சந்தோஷமா இருந்தாங்களா அத்த?"

"இருந்தாங்கடி. வழி பூரா சிரிச்சுனே வந்தாங்க."

அவள் மெதுவாகச் சொன்னாள். "அன்னிக்கு நான் முத்தத்துல வெச்சு கேட்டப்ப, அவரு எம் மூஞ்சியப் பாக்கல அத்த. தரையப் பாத்துனுதான் பதில் சொன்னாரு. குத்தம் பண்ணவரு, அதான் பாக்க மாட்டேங்கறாருன்னு நெனச்சுட்டேன். பொய் சொல்லத் தெரியாதவரு பொய் சொல்றாருன்னு எனக்குத் தோணவே இல்லியே."

பிறகு என் தோளில் சாய்ந்து, அப்பா, அப்பா என்று அழுதாள். அந்த ஒரு வார்த்தையை அவள் வாயால் கேட்டுவிட மாட்டோமா என்று அவர் எங்கள் முற்றத்தில் எத்தனையோ நாள் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்.