ஒரு பிடி பழைய மரத்தூள்

எலியப்பா ஒரு இடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. சாப்பிடும்போதுகூட ஒரு கால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் எலிகளைப் பராமரிக்கும் வேலை அவருக்கு. பத்தொன்பது வருடம் அதே அறை, அதனால் அந்தப் பெயர். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. மனைவிதான் கோபம் வந்தால், "ஏங்க, மனுசங்க பக்கமும் கொஞ்சம் திரும்பிப் பாருங்க" என்பாள். எலியப்பா போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

பத்தொன்பது வருடப் பதிவேட்டில் அவர் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை எழுதி வைத்ததும் அவர்தான்.

அந்த அறைக்குள் போவதே ஒரு பெரிய வேலை. செருப்பைக் கழற்றி, காலுக்குத் துணி உறை மாட்டி, தொப்பி, முகமூடி, கையுறை எல்லாம் போட்டு, முதல் கதவு சாத்தினால்தான் இரண்டாம் கதவு திறக்கும். உள்ளே அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் கூண்டுகள். தினமும் ஒவ்வொரு எலியையும் வாலடியில் பிடித்துத் தூக்கி, தராசின் மேல் இருக்கும் டப்பாவில் விட்டு எடை எழுத வேண்டும். பிறகு அதன் புழுக்கையைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். கெட்டியாக இருந்தால் சைபர், இளகியிருந்தால் இரண்டு, தண்ணீராகப் போனால் நாலு. ரத்தத்துக்குத் தனி எண்.

அந்த மதிப்பெண் வீட்டுக்கும் வந்துவிட்டது. மகளுக்கும் அதே நோய், குடல் அழற்சி. இருபத்தாறு வயதில் தொடங்கியது. லிஃப்ட்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது அவள் தொழில். ஊரில் எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் கழிப்பறை இருக்கிறது என்று அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். காலையில் குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

"அப்பா, மூணு."

"ரத்தம்?"

"ஒண்ணு போட்டுக்கோ. எலிக்கு எவ்வளவு?"

"அதுங்க உன்னைவிடப் பரவாயில்ல. மாத்திரையைத் துப்பறதில்ல."

அவளுக்கு நோயை விளங்கவைத்ததும் அவர்தான். "உடம்புல ஒரு வாட்ச்மேன் இருக்கான். திருடனை அடிக்க வேண்டியவன் வீட்டுக்காரனைப் போட்டு அடிக்கிறான். குடல் சுவர் வீங்கிப் புண்ணாகுது. அவ்வளவுதான்."

"அந்த ஆளை வேலையைவிட்டுத் தூக்கிடேன்."

"அதுக்குத்தான் இப்ப முழுங்கற மாத்திரை. அவனைத் தூங்க வச்சிரும். அப்புறம் நிஜத் திருடன் வந்தா யார் பார்க்கிறது?"

மாத்திரையால் மகளின் முகம் உப்பி, முந்தின வருடச் சட்டை எதுவும் சேராமல் போயிருந்தது. அந்த வருடத்தில் இரண்டு முறை நிஜத் திருடன் வந்தான், நுரையீரலில் சளியாக.

எலியப்பா வேலை பார்த்த கூடத்தில் அந்தக் காவல்காரனைத் தூங்க வைக்காமல் திருத்தப் பார்த்தார்கள். ஒரு புது மருந்து. அதை நடத்தியவரை அவர் டாக்டரம்மா என்பார். எலிக்கு இந்த நோய் தானாக வராது, வரவழைக்க வேண்டும். குடிக்கிற தண்ணீரில் ஒரு உப்பைக் கலந்து வைத்தால் ஒரு வாரத்தில் வந்துவிடும். வெள்ளை அட்டை கட்டிய ஐந்து கூண்டுகளுக்கு வெறும் தண்ணீர். மஞ்சள் அட்டை ஐந்துக்கும் பச்சை அட்டை ஐந்துக்கும் உப்புத் தண்ணீர். இந்த இரண்டு நிறத்தில் ஒன்றுக்கு மட்டும் மருந்து. எதற்கு என்று எலியப்பாவுக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. மருந்து கலக்குபவர் எழுதி உறையிலிட்டு ஒட்டியிருந்தார்.

கூண்டில் பரப்பும் மரத்தூளை வாரம் ஒரு முறை மாற்றுவார்கள். முழுக்கப் புதிதாகப் போட்டால் ஆண் எலிகள் தங்கள் வாசனை காணாமல் ஒன்றையொன்று கடித்துக் குதறும் என்பது அங்கே வேலை செய்தவர்களின் கணக்கு. அதனால் புதுத் தூளோடு ஒரு பிடி பழைய தூளையும் போடுவார்கள். அந்தந்தக் கூண்டின் பழையதை அந்தந்தக் கூண்டுக்கே போட வேண்டும். இது எழுதாத சட்டம். எதற்கு என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. வாசனைக்காக என்றே அவர் நினைத்திருந்தார்.

மஞ்சள் கூண்டுகளை ஐந்தாம் நாள் முறைப்படி மாற்றினார். பச்சையின் முறை ஆறாம் நாள் வந்தது. அன்று காலை மகளின் படுக்கை விரிப்பை அலசிக் கொடியில் போட்டுவிட்டு வந்திருந்தார். பச்சைக் கூண்டைத் திறந்தால் தூள் ரத்தமும் ஈரமுமாக ஊறிக் கிடந்தது. ஒரு பிடி அள்ளினார். மறுபடி அதை அந்த ஜீவன்களின் கீழேயே போடக் கை வரவில்லை. பக்கத்து அடுக்கில் வெள்ளைக் கூண்டுகளிலிருந்து எடுத்த தூள் உலர்ந்து, சுத்தமாக இருந்தது. வாசனைதானே, யாருடையதாக இருந்தால் என்ன? அதிலிருந்தே கூண்டுக்கு ஒரு பிடி போட்டார். பதிவேட்டில் 'தூள் மாற்றப்பட்டது' என்று எழுதினார். குறிப்புக் கட்டத்தை எப்போதும்போலக் காலியாக விட்டார்.

இரண்டு வாரம் கழித்து அளந்தார்கள். வீங்கிய குடல் நீளத்தில் சுருங்கும், எவ்வளவு சுருங்கியது என்று அடிக்கோலில் வைத்துப் பார்ப்பார்கள். வெள்ளை ஒன்பது சென்டிமீட்டர். மஞ்சள் ஆறு. பச்சை எட்டு. உறையைப் பிரித்தார்கள். மருந்து கிடைத்தது பச்சைக்கு.

டாக்டரம்மா கைதட்டிவிட்டார். எலியப்பா அன்று பேருந்துக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் வீடுவரை நடந்தே வந்தார்.

"எட்டும்மா! ஆறு எங்க, எட்டு எங்க!"

"மூச்சு வாங்குது, உட்காருப்பா. மனுசங்களுக்கு எப்ப வரும்?"

"அடுத்த வருசம் ஆஸ்பத்திரியில சோதனை தொடங்கலாம்னு சொன்னாங்க. உன் பேரை முதல்ல கொடுக்கச் சொல்றேன்."

 இரவுச் சாப்பாட்டில் மகள் இன்னொரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டாள். பழைய சட்டை ஒன்றை எடுத்துக் கண்ணாடி முன் மேலே வைத்துப் பார்த்ததை மனைவி பார்த்துவிட்டு வந்து அவரிடம் சொன்னாள்.

அடுத்த திங்கட்கிழமை வெளியிலிருந்து சிலர் கூடத்தைப் பார்க்க வந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று டாக்டரம்மா விளக்கினார். எலிகள் புழுக்கையைத் தின்னும். ஒன்றின் குடலில் இருக்கும் கிருமிகள் அப்படித்தான் இன்னொன்றுக்குப் போகும். அந்தக் கிருமிக் கூட்டம் மாறினாலே நோயின் போக்கு மாறிவிடும், மருந்தே வேண்டாம்.

"அதனாலதான் எங்க அண்ணா ஒரு கூண்டுத் தூளை இன்னொரு கூண்டுக்குப் போடவே மாட்டார். பத்தொன்பது வருசம், ஒரு தடவைகூடத் தவறினதில்ல" என்று, உள்ளே எடை பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்த அவரைக் கைகாட்டினார். வந்தவர்கள் தலையாட்டினார்கள். எலியப்பாவும் தலையாட்டினார். கையிலிருந்த எலி நழுவித் தராசில் விழுந்தது.

சோதனை முடிவு எல்லாவற்றையும் எழுதி டாக்டரம்மா வெள்ளிக்கிழமை அனுப்புவதாக இருந்தது. அதற்குப் பிறகு மருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும், மனிதர்கள் வாயில். அதற்குள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது. சொன்னால் வேலை போகலாம். அது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தச் சட்டைதான் கண்ணிலேயே நின்றது.

செவ்வாய்க்கிழமை வீட்டில் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். புதன்கிழமை ஒழுகாத குழாய்க்கு வாஷர் மாற்றினார். வியாழக்கிழமை ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைக் கழற்றிச் சுவரில் வேறு ஆணியில் மாட்டினார்.

"எலிக்கூண்டுல ஒரு சக்கரம் வைப்பீங்களே, அதை இங்க வாங்கிப் போடட்டுமா?" என்றாள் மனைவி. "நின்ன இடத்துல ஓடலாம்."

"மருந்துதான் வேலை செஞ்சிருக்கும்" என்றார் அவர், யாரும் கேட்காமலே.

"யாரு இல்லேன்னா?"

அவர் வாசல்வரை போய்த் திரும்பினார். மருந்தாகவும் இருக்கலாம், அந்தப் பிடியாகவும் இருக்கலாம். பிரித்துப் பார்க்க முடியாதபடி ஆக்கியது தன் கை. அதுதான் அவரைப் படுக்கவும் விடவில்லை, நிற்கவும் விடவில்லை.

வெள்ளிக்கிழமை கூடம் திறப்பதற்கு முன்பே போய் வாசலில் நின்றார். பதிவேட்டை எடுத்து அந்த ஆறாம் நாள் பக்கத்தைப் புரட்டினார். பிந்தி எழுதினால் இன்றைய தேதியும் கையெழுத்தும் போட வேண்டும் என்பது விதி. குறிப்புக் கட்டத்தில் எழுதினார்: 'பச்சை 1 முதல் 5 வரை. வெள்ளைக் கூண்டின் பழைய தூள், கூண்டுக்கு ஒரு பிடி. நான் போட்டது.' தேதி, கையெழுத்து. கொண்டுபோய் டாக்டரம்மாவின் மேசையில் விரித்து வைத்தார்.

டாக்டரம்மா இரண்டு முறை படித்தார்.

"ஏன் அண்ணா?"

"ஈரமா கெடந்துச்சும்மா."

 ஜன்னல் பக்கம் போய் நின்ற டாக்டரம்மா அப்படியே திரும்பாமல் கேட்டார்: "ஒரு பிடின்னா எவ்வளவு?"

"கை கொள்ற அளவு."

"கிராம்ல சொல்லுங்க."

எலியப்பாவுக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா தராசைக் கொண்டுவரச் சொன்னார். தூள் தொட்டியிலிருந்து பத்து முறை அள்ளிப் போட்டார் எலியப்பா. பத்து, பதினொன்று, பதினொன்றரை, பத்தரை. ஒவ்வொன்றையும் டாக்டரம்மா எழுதிக்கொண்டார். பிறகு, "இன்னைக்கு எதுவும் அனுப்பல. நீங்க நாளையிலேருந்து கழுவற பக்கம் போங்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மகளிடம் சொன்னது அன்று சாயங்காலம். அவள் வேலைப் பையைக்கூட இறக்கவில்லை. சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"இதை நீ ஏன்ப்பா சொன்ன?"

"உன்கிட்டயா?"

"அவங்ககிட்ட."

 அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று நாள் காலையில் குளியலறையிலிருந்து குரல் வரவில்லை. அவர் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வேலைக்குப் போனார். கூண்டு கழுவும் இயந்திரத்தின் வெந்நீர் ஆவியில் நாள் முழுக்க நின்றார். அங்கே இருந்த அம்மாள், "என்னண்ணே, பதவி உயர்வா?" என்று கேலி செய்ததற்கும் சிரிக்கவில்லை.

நாலாம் நாள் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"அப்பா, நாலு."

"ரத்தம்?"

"ரெண்டு." கொஞ்சம் பொறுத்து, "சொல்லாம இருந்திருந்தா அந்த மருந்தை நம்பி நான்தான் முழுங்கியிருப்பேன். இல்ல?"

"ஆமாம்மா."

"சரி, வேலைக்குக் கிளம்பு. நின்னுக்கிட்டே இருக்காதே."

சோதனையை முதலிலிருந்து செய்தார்கள். இந்த முறை மருந்து கொடுத்த எலிகளுக்கும் கொடுக்காதவற்றுக்கும் வித்தியாசம் இல்லை. அந்த மருந்து அங்கேயே நின்றது. ஆனால் டாக்டரம்மா நீல அட்டையில் இன்னொரு கூட்டமும் வைத்திருந்தார். அவற்றுக்கு மருந்து இல்லை, நோயில்லாத கூண்டின் பழைய தூள் மட்டும். முதல் முறை அவை கொஞ்சம் தேறின. இரண்டாம் முறை தேறவில்லை. மூன்றாம் முறை மறுபடி தேறின. ஏன் என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எலியப்பாவுக்கு முதல் முறை மட்டும் தெரியும்.

மகள் இன்னும் அதே மாத்திரைதான் சாப்பிடுகிறாள். அவர் போன பிறகு ஒரு நாள், அவருடைய அலமாரியைக் காலி செய்யச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மாற்றுச் சட்டை, டம்ளர், மூக்குக்கண்ணாடி. எடுத்துக்கொண்டு வரும்போது எலி அறைக்கு வெளியே சுவரில் செய்முறைத் தாள் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். நீல அட்டைக் கூண்டுகள் என்ற வரிக்கு எதிரே: பழைய மரத்தூள், 11 கிராம்.

எதற்குப் பதினொன்று என்று புதிதாக வந்தவருக்குத் தெரியாது. கரண்டியால் எடுத்து நிறுத்துப் போடுகிறாராம்.

மகள் கேட்டாள், கொஞ்சம் தூளும் தராசும் கிடைக்குமா என்று. கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு பிடி அள்ளிப் போட்டாள். எட்டு. விரலை நன்றாக விரித்து மறுபடி அள்ளினாள். எட்டரை. மறுபடி அள்ளினாள். உட்காருங்கள் என்று யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அவள் நின்றபடியே அள்ளிக்கொண்டிருந்தாள். பதினொன்று வரவில்லை.