தலைக்கீற்று எழுத்தும் நாலு கார்பன் தாளும்

கைப்பேசியில் ஒருவருக்கு ஆங்கிலத்தில் விலாசம் தட்டிக்கொண்டிருந்தேன். விரல்கள் முன்போல் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. ஒரு விரல் e என்ற எழுத்தின் மேல் போய் அப்படியே உட்கார்ந்துவிட்டது. உடனே அந்த எழுத்துக்கு மேலே குட்டி போட்டதுபோல் ஒரு வரிசை முளைத்தது. ஒரு குட்டிக்குத் தலையில் கூரை, ஒன்றுக்கு இரட்டைப் பொட்டு, ஒன்றுக்கு வலப்பக்கம் ஏறுகிற சின்னக் கீற்று: é. விரலை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த ஒரு கீற்றுக்காக நான் டைப்ரைட்டர் ரோலரைத் திருகித் திருகி விரல் காய்த்துப்போன நாட்கள் உண்டு என்றால் நம்புவீர்களா?

அறுபதுகளின் தொடக்கம். தென்காசியில் ரயிலடிக்குப் போகிற தெருவில் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். கீழே வெற்றிலைக் கடை. மேலே மிஷின் எண்ணெய், ரிப்பன் மை, ஈர வெற்றிலை மூன்றும் கலந்து ஒரு வாசனை நிற்கும். இப்போது எந்த அச்சகத்தைத் தாண்டினாலும் அதில் பாதி வாசனை வரும். வெற்றிலை இல்லாததால் மீதிப் பாதி வராது. லோயர் பரீட்சை பாஸ் செய்துவிட்டு ஹையருக்குப் படித்துக்கொண்டிருந்த என்னையே காலை வகுப்புக்கு மாஸ்டராக உட்கார்த்தி வைத்திருந்தார் உரிமையாளர் சுப்பையா சார். சம்பளத்தைவிடப் பெரிய சலுகை ஒன்று தந்திருந்தார். பகல் ஒரு மணிக்குக் காலை வகுப்பு முடிந்துவிடும்; மாலை வகுப்பு தொடங்குகிற மூன்று மணிவரை ஏழு மிஷின்களும் எனக்குத்தான்.

தங்கியதும் அங்கேயேதான், மாடியின் பின்னறையில். கீழப்பாவூரில் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு அப்பாவும் அம்மாவும் வடக்கே அண்ணன் வேலை பார்த்த ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துச் சேக்காளிகள் மூன்று பேரும் ஒரே ரயிலில் பம்பாய்க்குப் போனார்கள். நான் பரீட்சைக்காக நின்றேன். 'ரிசல்ட் வந்ததும் வந்துருதேன்லே' என்று ரயிலடியில் கத்தினேன். ரிசல்ட் இரண்டு முறை வந்தது. இரண்டிலும் என் நம்பர் வரவில்லை. வேகம் எனக்கு அதிகம். பிழையும் அதே வேகத்தில் வரும்.

பேச ஆளில்லாதவனுக்கு விலாசங்களின் மேல் ஆசை வரும். மாணவர்களுக்கான ஆங்கிலப் பத்திரிகை ஒன்றின் கடைசிப் பக்கத்தில் பேனா நண்பர்களின் முகவரிகள் வரும். ஐந்து தேசத்துக்கு எழுதிப் போட்டேன். முதலில் பதில் வந்தது ஹங்கேரியிலிருந்து. நாலு பக்கம், நீல மை, உருண்டை உருண்டையான ஆங்கிலம். கீழே Éva என்று கையெழுத்து. ஏவா. முதல் எழுத்தின் தலையில் இருந்த கீற்றை ஏதோ தூசி என்று நினைத்து ஊதினேன். போகவில்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். அடுத்த கடிதத்திலும் அந்தத் தூசி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் புத்தி வந்தது.

பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்தது என்றே சொல்லலாம். மற்ற நாலு பேரின் கடிதங்களிலும் அந்தக் கீற்று எங்காவது ஒளிந்திருந்தது. எல்லாரையும் கேட்டேன்: இது உங்கள் ஊரில் என்ன வேலை செய்கிறது? ஏவா எழுதினாள்: எங்கள் ஊரில் இது இருந்தால் 'ஏ' என்று நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் வாயைத் திறந்து, கொஞ்சம் 'அ' கலந்த எகரம். அயர்லாந்துக் கல்லூரிப் பையனும் நீட்டல் என்றான். பிரான்சிலிருந்து ஒரு பெரியவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு 'ஏ' சொல்லிப் பாருங்கள், அதுதான் என்றார். கீற்று இல்லாமல் சொல்லின் கடைசியில் நின்றால் அந்த எழுத்து பெரும்பாலும் வாயே திறக்காதாம். பிரேசில்காரருக்கு அந்த ஒற்றை எழுத்தே ஒரு முழுச் சொல். 'இருக்கிறது' என்று சொல்ல é போதும் என்றார். ஒரே ஓர் எழுத்தில் இருந்துவிடலாம் என்பது எனக்கு அன்றைக்கு என்னவோ செய்தது. ஐஸ்லாந்து மீனவர் கிராமத்து ஆசிரியை, எங்களிடம் அது 'யெ' என்று எழுதியதும் நான் நாற்காலியிலிருந்து குதித்தேன். எங்கள் தெருவிலும் 'எங்க போற' என்பதை 'யெங்க போற' என்றுதானே சொல்கிறார்கள்!

நமக்கும் இது அந்நியம் இல்லை. பள்ளியில் தமிழையா சொல்லியிருக்கிறார்: ஆதியில் குறில் எகரத்துக்குத்தான் தலையில் புள்ளி; நெடில் மொட்டைத் தலையோடு போகும். புள்ளியைத் தொலைத்துவிட்டு நாம் நிம்மதியாக இருக்கிறோம்; அவர்கள் கீற்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டும். யாரிடம்? மாலை வகுப்புக்கு வருகிறவர்களுக்கு நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தைதான் லட்சியம்.

கேட்ட ஒரே ஆள் தபால்காரர் மைதீன் பாய். சைக்கிளைக் கீழே சாய்த்துவிட்டு மாடிப்படியில் பாதி ஏறும்போதே குரல் வரும்.

"ஏலே தம்பி! கொம்பு மொளச்ச கடுதாசி ஒண்ணு வந்திருக்கு. இது எந்தச் சீமை?"

"ஹங்கேரி, பாய்."

"அந்தப் புள்ளையா? உனக்கு மட்டும் எப்படிலே நாலு பக்கம் எழுதுதா? எனக்கு எம் மருமவன் ஒரு கார்டு போடமாட்டேங்கான்."

மிஷினில் é கிடையாது. சின்ன e என்றால் சுலபம்: அடித்து, ஓர் எழுத்து பின்னால் வந்து, ஒற்றை மேற்கோள்குறியை அதன் தலையில் ஒரு தட்டு. பெரிய எழுத்தில்தான் வில்லங்கம். குறி எழுத்தின் மண்டைக்குள்ளேயே இறங்கிவிடும். ரோலரை விடுவித்து, மயிரிழை பின்னால் திருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும். ஏவாவின் பெயரை ஒழுங்காக அடிக்க ஒரு மாதம் பழகினேன்.

சுப்பையா சார் ஒருநாள் பார்த்துவிட்டார். "மெஷினு என் மெஷினு, ரிப்பன் என் ரிப்பன். சிநேகிதம் மட்டும் உனக்காடே?"

ரிப்பனை மிச்சம் பிடிக்கத்தான் கார்பன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மை அதுவல்ல, அவசரம். ஒரே விஷயத்தை ஐந்து முறை அடிக்கப் பொறுமையில்லை. மெல்லிய பேங்க் பேப்பர் ஐந்து, நடுவே கார்பன் நாலு, விளிப்புக்கு மட்டும் இடம் விட்டு ஒரே அடி. பிறகு தாள்களைப் பிரித்து ஒவ்வொன்றாக மிஷினில் ஏற்றி அவரவர் பெயரை அடிப்பேன். மேல் தாள் எப்போதும் ஏவாவுக்கு. அந்த மட்டும் எனக்கு நேர்மை இருந்தது.

கடிதத்தில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: 'இதை உன்னிடம் மட்டும்தான் கேட்கிறேன், எனக்கு வேறு சிநேகிதர் இல்லை.' அதைப் போட்டால் நீண்ட பதில் வருகிறது என்று கண்டுபிடித்திருந்தேன்.

ஏவாவும் கேள்விகள் கேட்பாள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அருவி இருக்கிறது என்கிறாயே, அங்கே மழை எப்படி இருக்கும்? அருவிக்கு யாரோடு போவாய்? இதை மூன்று கடிதங்களில் கேட்டுவிட்டாள். நான் எழுத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆனியில் சாரல் இறங்கியது. தென்காசி முழுக்கக் குற்றாலத்துக்குப் போகிறவர்களின் கும்மாளம். மாடியில் காகிதமெல்லாம் நமத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது நாலு தாள்தான் தேறியது; ஐந்தாவதைத் தேடாமல், பிரேசில்காரருக்கு அடுத்த வாரம் என்று விட்டுவிட்டு, தபால் கட்டும் நேரமாகிவிட்டது என்று ஓட்டமாக ஓடினேன். மறுவாரம் மேஜையைத் துடைத்தபோது மேல் தாள், அடியில் வைத்து அடிக்கிற அட்டையோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே இருந்தது. அப்படியென்றால் ஏவாவுக்குப் போனது? அவசரத்தில் யார் பெயரை எந்தத் தாளில் அடித்தேன் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். மூன்றாவது கார்பன். மங்கிய, கரையோரம் மசிந்த எழுத்து. அதன் தலைமாட்டில் மட்டும் பளிச்சென்று கறுப்பாக, கீற்றெல்லாம் பிசகாமல், அவள் பெயர்.

அடுத்த ஒன்றரை மாதம் நான் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கவனித்திருக்க மாட்டாள், மை மங்கலென்று நினைத்திருப்பாள் என்று ஒரு நாள். கவனித்திருப்பாள் என்று மறுநாள்.

மைதீன் பாய் கொண்டுவந்த உறை மெலிதாக இருந்தது. "என்னலே, இந்தத் தடவ எடையே இல்ல? புள்ளைக்கு மேலுக்குச் சுகமில்லையோ?"

உள்ளே ஐந்தாறு வரிதான். அவள் அம்மா ஓர் அலுவலகத்தில் டைப் அடிக்கிறாள். கார்பன் பிரதி எப்படி இருக்கும் என்று ஏவாவுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். 'உனக்கு வேறு சிநேகிதர் இல்லை என்று எழுதியிருக்கிறாய். நான் எத்தனையாவது தாள்?'

பாய் படியிலேயே நின்றார். "என்ன எழுதிருக்கா?"

"கோவமா எழுதிருக்கா, பாய்."

"கோவந்தானே? கோவப்படுதவ பதில் போடுவா. எழுதுலே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாக ஐந்தருவிக்கு நடந்தேன். அங்கே போய் நின்ற பிறகுதான், இத்தனை வருஷம் பக்கத்திலிருந்தும் சேக்காளிகள் போன பிறகு நான் ஒரு தடவைகூட வரவில்லை என்பது உறைத்தது. அருவிக்குத் தனியாள் வரமுடியாது. குளிக்கப் போனால் துணியை யாரிடம் கொடுப்பது? எல்லாருக்கும் கரையில் ஒரு ஆள் இருந்தது, கையில் துண்டும் சட்டையுமாக. நான் சட்டையைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சாரலிலேயே நனைந்துகொண்டிருந்தேன். பாறையோரம் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவர் கவனித்துவிட்டார்.

"தனியாவா வந்திய? துணிய இங்கன வையும். நான் பாத்துக்கிடுதேன். போயி நல்லா நில்லும்."

நின்றேன். தண்ணீர் தலையில் விழும்போது அழுதால் யாருக்கும் தெரியாது. இரைச்சலில் நமக்கே கேட்காது.

அன்று மாலை கையால் எழுதினேன். பேனாவால், அடித்து அடித்துத் திருத்தி, ஒரே ஒரு பிரதி. எழுத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நீ மூன்றாவது கார்பன் என்று எழுதினேன். மேல் தாள் உனக்காகத்தான் இருந்தது, அது ஒரு சமாதானம் இல்லை என்றும் எழுதினேன். அருவிக்கு யாரோடு போவாய் என்று கேட்டாயே, யாரோடும் இல்லை. இன்றைக்கு முன்பின் தெரியாத ஒருவர் என் சட்டையைப் பார்த்துக்கொண்டார் என்று எழுதினேன். சிநேகிதர் இல்லை என்று நான் ஐந்து பேருக்கு அடித்து அனுப்பிய வாக்கியம் அப்படியே நிஜம் என்பதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் கண்டேன்.

இரண்டு மாதம் ஆயிற்று, நாலு ஆயிற்று. பாய் இப்போது படியேறுவதில்லை. தெருவிலிருந்தே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போவார். மற்ற நாலு பேருக்கும் நான் எழுதவில்லை. மூன்றாவது முறை ஹையர் பாஸானேன். பம்பாயில் வேலை கிடைத்தது.

புறப்படுகிற அன்று பாய் மாடிக்கு வந்தார். கையில் தபால் ஆபீஸ் படிவம் ஒன்று. "புது விலாசத்த இதுல எழுதிக் குடுத்துட்டுப் போலே. அந்தப் புள்ளை கடுதாசி வந்தா பம்பாய்க்குத் திருப்பி விடுதேன்."

பேனாவை எடுத்தேன். எழுதிக் கொடுத்தால், பம்பாயில் எந்தத் தபாலும் வராத ஒவ்வொரு நாளும் அவள் எழுதவில்லை என்று எனக்குத் திட்டமாகத் தெரிந்துவிடும். கொடுக்காவிட்டால் தெரியாது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது, போய்ச் சேர்ந்ததும் கார்டு போடுகிறேன் என்று சொன்னேன். அவர் "சரிலே" என்று படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் அந்தக் கார்டைப் போடவேயில்லை.

பல வருஷம் கழித்து ஊருக்குப் போனபோது மாடி இருந்த இடத்தில் ஜவுளிக்கடை. சுப்பையா சாரின் ஏழு மிஷின்களையும் எடைக்குப் போட்டுவிட்டார்களாம். தபால் ஆபீஸில் மைதீன் பாயைக் கேட்டேன். கவுண்ட்டரில் இருந்த பையன், "அவுக மவுத்தாயி, அடக்கம் பண்ணி ஏழெட்டு வருஷம் இருக்குமே, அண்ணாச்சி. எதும் சோலியா?" என்றான்.

சோலி ஒன்றுமில்லை என்றேன். நான் போன பிறகு அந்தப் படியடிக்கு ஒரு கடிதம் வந்ததா இல்லையா என்று உலகத்தில் தெரிந்திருந்த ஆள் அவர் ஒருவர்தான்.