என் வயிற்றுச் சூடும் இராணுவ டாக்டரும்

இராணுவத்தில் சேரப் போகிறவர்கள் இருக்கிற வியாதியை மறைப்பார்கள். இல்லாத வியாதியை வலியப் போய் ஒப்புக்கொண்டு வெளியே வந்த ஆள், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

பன்னிரண்டாவது முடித்ததும் எனக்கு அந்த ஆசை வந்தது. விடியற்காலையில் ஆரணிக் கோட்டை மைதானத்தில் ஓடுவேன். ஓடிய நேரத்தைவிட, ஓடுவதைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைத்த நேரம் அதிகம். தெருவே என்னை 'மிலிட்டிரி' என்று கூப்பிட்டது. அது கிண்டல் என்று புரிய எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. அப்பா வீட்டிலேயே பட்டுத்தறி போட்டிருந்தார். என்னைத் தறியில் உட்காரச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. நான் உட்கார்ந்தால் இழை அறுந்துபோகும் என்று அவருக்குத் தெரியும். அம்மாதான் ஒரே பிடியாக நின்றாள்.

"செய்யார் கம்பெனிக்கு பஸ்ஸு தெருமொனைக்கே வந்து ஏத்திகினு போவுது. அத வுட்டுட்டு எங்கியோ பனியில போயி நிக்கணும்னு உனக்கு இன்னாடா தலையெழுத்து? எனக்குன்னு இருக்கறது நீ ஒருத்தன்தான்டா."

நான் தேசம், கடமை என்று ஏதோ பேசினேன். அவள் மூக்கைச் சிந்திவிட்டுச் சோறு போட்டாள்.

ஆளெடுக்கும் முகாமில் ஓட்டத்தில் எப்படியோ தேறிவிட்டேன். எனக்கு முன்னால் ஓடியவன் தடுக்கி விழுந்ததும் ஒரு காரணம். அடுத்து மருத்துவப் பரிசோதனை. சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றேன். என் தொப்புளைச் சுற்றி வட்ட வட்டமாகத் தழும்புகள் உண்டு. பச்சைக் குழந்தைக்கு நோவு வந்தால் மஞ்சள் கிழங்கை நெருப்பில் காட்டி வயிற்றில் சூடு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தெருவில் பாதிப் பேருக்கு அந்தத் தழும்பு இருந்ததால் அதைப் பற்றி நான் விசாரித்ததே இல்லை. இந்திக்கார டாக்டர் அதைத் தொட்டுப் பார்த்து என்னவோ கேட்டார். பக்கத்தில் நின்ற தமிழ்ச் சிப்பாய் எனக்குச் சொன்னார்.

"என்ன தம்பி இது?"

"சூடு சார்."

"எதுக்கு வெச்சாங்க? வலிப்பு வந்துச்சா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்கோ, அவ்வளவு பெரிய அதிகாரி கேட்கும்போது தெரியாது என்பது மரியாதைக் குறைவாகப் பட்டது.

"இருக்கலாம் சார்" என்றேன்.

சிப்பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'அடப்பாவி' என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். பிறகு அப்படியே இந்தியில் சொல்லிவிட்டார். வலிப்பு வந்தவன் கையில் துப்பாக்கி கொடுக்க மாட்டார்களாம். தகுதி இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். வேண்டுமானால் சின்ன வயது மருத்துவச் சீட்டுகளோடு சென்னையில் மறுபரிசோதனைக்கு வரலாம் என்றார்கள்.

சீட்டாவது, மண்ணாவது! தடுப்பூசி அட்டை ஒன்று இருந்ததாம். புடவைக் கரையில் டிசைன் விழுவதற்காக ஓட்டை போட்டுத் தறிமேல் மாட்டுகிற ஜக்கார்டு அட்டை ஒருநாள் கிழிந்தபோது, கைக்கு அகப்பட்ட கெட்டி அட்டை இதுதான் என்று அப்பா வெட்டி ஒட்டிவிட்டார். என் போலியோ சொட்டு மருந்தெல்லாம் யாருடைய கல்யாணப் புடவையிலோ மயிலாகப் போயிருக்கும். குழந்தையில் எனக்கு வைத்தியம் பார்த்த கிளினிக் இப்போது செல்போன் கடை.

"அப்ப எதுக்குத்தான் சூடு வெச்சீங்க?" என்று கேட்டேன்.

"காமாலைடா" என்றார் அப்பா, தறியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மாந்தம்" என்றாள் அம்மா, அதே நேரத்தில் அடுப்படியிலிருந்து.

மாந்தம் என்றால் எங்கள் ஊரில் அஜீரணத்திலிருந்து வலிப்பு வரைக்கும் எதுவாகவும் இருக்கலாம். "ரெண்டு பேரும் கலந்து பேசி ஒரே நோவா சொல்லுங்க!" என்று கத்தினேன். அதற்கப்புறம் இருவருமே வாயைத் திறக்கவில்லை. பெற்றவர்களே என் பிழைப்பில் மண்ணைப் போடுகிறார்களே என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். தெருமுனை தாண்டியதும் பசித்தது. திரும்பி வந்து சாப்பிட்டேன்.

சீட்டு இல்லாததால் அம்மாவையே சாட்சியாக அழைத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன். பஸ் செய்யார் தாண்டும்வரை பாடம் நடத்தினேன்.

"காமாலைன்னு சொல்லும்மா. வேற எதுவும் பேசாத."

"சரிடா" என்றாள். அவள் அவ்வளவு சுலபமாகச் சரி என்றால் பயப்பட வேண்டும் என்கிற அறிவு எனக்கு அன்று இல்லை.

அங்கே இருந்தது தமிழ் பேசும் பெண் டாக்டர். அம்மாவை உட்காரவைத்து, "சின்ன வயசுல இவருக்கு வலிப்பு வந்திருக்காம்மா?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் உதட்டை மட்டும் அசைத்துக் காமாலை, காமாலை என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"இவனுக்கு ஒரு நோவும் வந்ததில்லீங்க" என்றாள். "இவனுக்கு மின்னாடி எனக்கு ஒரு ஆம்பளப் புள்ள. ஜொரம் வந்து, கையும் காலும் வெட்டி இழுப்பு வந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு ஓடறதுக்குள்ள உசுரு பூட்சி. இவனுக்கும் அது வந்துடுமோன்னு பயம். நல்லா இருந்த புள்ளைக்கு நானே என் கையால சூடு வெச்சிட்டேன்."

எனக்கு ஓர் அண்ணன் இருந்திருக்கிறான். அந்தச் செய்தியை அரைக்கால் சட்டையோடு நின்று தெரிந்துகொண்டேன். அப்பா ஏன் காமாலை என்றார், இருவரும் ஏன் வாயை மூடிக்கொண்டார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் புரிந்தது. தட்டைத் தள்ளியதை நினைத்து வெட்கமாக இருந்தது. அழுகை முட்டியது. அழுதால் அதையும் ஒரு வியாதியாகச் சேர்த்துவிடுவார்களோ என்று அடக்கிக்கொண்டேன்.

தலையில் ஒயர்களை ஒட்டிச் சோதனை எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, இராணுவத்தில் சேரலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா அழுதபடியே இருந்தாள். அவளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து, "உன்னாலதாம்மா என்னை எடுத்துகினாங்க" என்றேன்.

"மண்ணாங்கட்டி" என்றாள். "உனக்கு இழுப்பு வந்துச்சின்னு சொல்றதுக்குத்தான்டா உங்கூட வந்தேன். சொன்னா எடுக்க மாட்டாங்க, நீ வூட்டோட இருப்பேன்னு பாத்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வாய் வரிக்கும் வந்துச்சி. அவனக் கொண்டுகினு போன நோவு உனக்கு வந்துச்சின்னு என் வாயால எப்பிடிடா சொல்லுவேன்?"